வராத தலைநகரத்தின் நாற்பத்தொரு வாக்காளர்

நான் இரண்டு தலைநகரங்களில் குடியிருந்திருக்கிறேன். இரண்டிலும் எனக்கு வாக்கு இருக்கவில்லை.

முதலாவது கொழும்பு. அங்கே ஒன்பது வருடம் மாடிக் கட்டடங்களுக்குக் கம்பி கட்டினேன். கட்டிய மாடியிலேயே படுத்தேன். மாடி முடிந்து ஆட்கள் குடிவரும்போது நான் அடுத்த அத்திவாரக் குழிக்குள் இறங்கிவிடுவேன். தேர்தல் வந்தால் மேசன் பாஸ், "உனக்கு வோட்டு ஊரிலதானே, போட்டுட்டு வா" என்று லீவு தருவார். பஸ்ஸில் இரவு முழுவதும் நின்று நெடுங்கேணிக்குப் போனால் அங்கே வாக்காளர் இடாப்பில் என் பெயருக்கு மேல் ஒரு கோடு கிடக்கும். கேட்டால், "நீர் கொழும்பிலதானே இருக்கிறீர்" என்பார்கள். கொழும்பில் நான் நெடுங்கேணிக்காரன், நெடுங்கேணியில் கொழும்புக்காரன். தேர்தல் நாளில் மட்டும் நான் எங்கேயும் இல்லாதவன். மூன்றாவது தேர்தலோடு பஸ்ஸில் நிற்பதை விட்டுவிட்டேன்.

இரண்டாவது தலைநகரம் இன்னும் வரவில்லை. அது எங்கே வராமல் இருக்கிறதோ அங்கேதான் இப்போது நான் இருக்கிறேன்.

மாங்குளத்திலிருந்து கிழக்கே போகும் வீதியில் ஒரு சந்தி. பெயரை எழுதினால் ஊர்க்காரர் சண்டைக்கு வருவார்கள், விடுகிறேன். மாகாணத்துக்கு ஒரு புதுத் தலைநகரம் வேண்டும், அது இங்கேதான் வரும் என்று மேலிடத்தில் யாரோ முடிவு செய்தார்கள். காட்டை வெட்டினார்கள். நாலு பக்கமும் எல்லைக்கல் போட்டார்கள். நடுவில் சீமெந்து மேடை கட்டி அடிக்கல் நாட்டி, பொட்டு வைத்து, வெடி கொளுத்தினார்கள். "தலைநகர அபிவிருத்திக்கு ஒதுக்கப்பட்ட காணி, உட்பிரவேசித்தல் தண்டனைக்குரிய குற்றம்" என்று மூன்று மொழியிலும் ஒரு பலகை நட்டார்கள். அந்தப் பலகையில் தமிழ்ப் பகுதியை எழுதியவன் நான்தான். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டாலும் எழுத்து எனக்கு வடிவாக வரும். பலகையை நட்ட பிறகு எல்லாரும் வாகனத்தில் ஏறிப் போய்விட்டார்கள். நான் கொழும்பை விட்டபின் ஆனையிறவில் உப்பு வாரிக் கால் வெடித்து வந்தவன், வேறு போக்கிடம் இல்லை. பலகைக்குப் பின்னால் நானும் ஒரு கொட்டில் போட்டேன்.

எனக்கு முன்னமே அங்கே பதினெட்டுத் தகரக் கொட்டில்கள் இருந்தன. காடு வெட்டவும் கல் சுமக்கவும் கூட்டி வரப்பட்ட, மலையகத்திலிருந்து வந்தவர்களின் வழிவந்த குடும்பங்கள். வன்னியில் பிறந்து வளர்ந்தவர்கள். ஆனால் வன்னியில் சொந்தமாக ஓர் அடி நிலம் இல்லாதவர்கள். வேலை முடிந்ததென்று யாரும் சொல்லாததால் போகாமல் இருந்துவிட்டார்கள்.

வரப்போகும் நகரத்தின் வரைபடத்தை நாங்கள் எல்லாரும் பார்த்திருந்தோம். யார் கொட்டில் எதன்மேல் இருக்கிறது என்பது எல்லாருக்கும் மனப்பாடம். என் கொட்டில் மாகாணசபை மண்டபத்தின் நடுவில் இருந்தது. ஒருவருடைய ஆட்டுக்கொட்டில் நீதிமன்றத்தில் இருந்தது. "ஆடு எங்க காணேல்ல?" என்று கேட்டால், "கல்வித் திணைக்களத்துப் பக்கம் மேயுது" என்று பதில் வரும். அடிக்கல் மேடையைப் போல நல்ல சீமெந்துத் தரை அந்தச் சுற்றுவட்டாரத்தில் இல்லை. அதனால் அதில் கச்சான் கடலை காயப்போட்டோம். அமைச்சருடைய பெயர் பொறித்த கல்லில் கோழிகள் நிற்கும்.

ஒரு தேர்தல் காலத்தில் வேட்பாளர் ஒருவர் மாலையோடு வந்து இறங்கினார். எங்களில் ஒருவர் கடைக்கு ஓடிப் போய்ச் சோடா வாங்கி வந்தார். வேட்பாளர் அதை வாயில் வைத்தபடியே, "இஞ்ச எத்தினை வாக்கிருக்கு?" என்று கேட்டார். "ஒண்டும் இல்லை ஐயா" என்றேன். அவர் பாதிப் போத்தலோடு வாகனத்தில் ஏறினார். துண்டுப்பிரசுரம் கொடுத்துக்கொண்டு போன பெடியன் திரும்பி வந்து, கொடுத்ததையெல்லாம் கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.

வாக்கில்லாததன் காரணம் சுலபமானது. ஒவ்வொரு வருடமும் வாக்காளர் பதிவுப் படிவத்தோடு கிராம அலுவலர் ஸ்கூட்டரில் வருவார். நாற்பது வயதளவில், குடையை ஒருபோதும் விரிக்காமல் கையிலேயே வைத்திருக்கும் ஒரு பெண். எல்லோரும் அவரை 'மிஸ்' என்போம். எல்லைக்கல் வரைக்கும் வருவார், அங்கே நிற்பார்.

"மிஸ், எங்களுக்கும் ஒரு படிவம் தாங்கோவன்."

"வீட்டிலக்கம் இருக்கோ?"

"வீடு இருக்கு. இலக்கந்தான் இல்லை."

"இது குடியிருப்பில்லையே. தலைநகரமெல்லோ" என்பார். சிரிக்காமல்தான் சொல்வார். டெங்குக்குப் புகை அடிக்க வருகிறவர்களுக்கு நாங்கள் இருந்தோம். குடிசன மதிப்பீட்டுக்காரருக்கு இருந்தோம். சிரமதானத்துக்கு ஆள் பிடிக்க வருகிறவர்களுக்கு விடியற்காலை ஆறு மணிக்கே இருந்தோம். இடாப்புக்கு மட்டும் இல்லை.

பெரும்பாலானோருக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை. எனக்கு அடுத்த கொட்டிலில் இருந்த கச்சான்காரிக்கு மட்டும் அது அவசரமான காரியம் ஆனது. அவள் கச்சான் வறுத்துச் சந்தியில் பஸ் நிற்கும் இடத்தில் விற்பாள். கிணறு வெட்டப் போன இடத்தில் மண் சரிந்து புருஷன் செத்துப் போனான். ஒரே ஒரு மகள், அடுத்த தைமாதம் முதலாம் ஆண்டுக்குப் போக வேண்டும். சந்திப் பள்ளிக்கூடத்தில் இடம் கொஞ்சம். இடாப்பில் பெயர் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் முதலில் என்று அதிபர் கையை விரித்தார். மற்றப் பள்ளிக்கூடம் ஒன்பது கிலோமீற்றர். அந்த வழியில் பஸ் இல்லை, யானை உண்டு.

அவள் குடும்பத்துக்கு வாக்கில்லாமல் இருப்பது புதிய பழக்கமல்ல. அவளுடைய தகப்பனின் தகப்பனுக்குத் தேயிலைத் தோட்டத்தில் வாக்கு இருந்து, ஒரே சட்டத்தில் இல்லாமல் போனது. தகப்பன் பிரஜாவுரிமைக் கடதாசிக்கு அலைந்தே கிழவனானார். இவளிடம் கடதாசி இருந்தது, அடையாள அட்டை இருந்தது, எல்லாம் இருந்தன. அவள் வீடு மட்டும் வரைபடத்தில் வாகனத் தரிப்பிடத்தில் இருந்தது.

"அண்ணே, வராத காருக்கு எடம் இருக்கு, எம் புள்ளைக்கு இல்லையாண்ணே?" என்று ஒருநாள் கேட்டாள். என்னிடம் கேட்டு என்ன பயன். நான் இருந்தது மாகாணசபை மண்டபத்தில். அங்கேயும் யாரும் பதில் சொல்வதில்லை.

அப்போதுதான் இலக்கக்காரர் வந்தார்.

எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம், முதல் வீடு அவருடையது. இரண்டு அறை, ஒரு விறாந்தை, பின்னால் குசினி, முன்னால் கிணறு. அந்த வட்டாரத்தில் எங்களுக்குக் கிட்டவாக இலக்கம் உள்ள வீடு அது ஒன்றுதான். அவருடைய தகப்பன் குளத்தின் கீழ் வயற்காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர். இலக்கக்காரர் எங்களோடு நன்றாகத்தான் கதைப்பார். வயலில் அரிவு வெட்டுக்குக் கூப்பிடுவார். தாகமென்று போனால் தண்ணீர் அள்ளிக் குடிக்கச் சொல்வார். அதற்கென்று கிணற்றடிக் கட்டையில் ஓர் ஆணி அடித்து, அதில் ஒரு தகரப் பேணி தொங்கவிட்டிருந்தார். எங்கள் ஆட்களுக்கு அந்தப் பேணி. எனக்கும் அதுதான். கிணற்றைத் தாண்டி வீட்டுப் பக்கம் யாரும் போவதில்லை. போகாதே என்று அவர் சொன்னதும் இல்லை. பேணி சொல்லிவிடும்.

காலையில் வந்தவர் என் கொட்டிலுக்கு வெளியே நின்றபடி தொடங்கினார்.

"தம்பி, உமக்கு எழுத்து வடிவெண்டு கேள்வி."

"போர்ட் எழுதின கை, அண்ணை."

"ஒரு நாப்பது பேரை எழுத ஏலுமோ?"

"எதில?"

"என்ர வீட்டில."

விஷயம் இதுதான். அவருடைய வயலுக்குப் போகும் பாதையில் மதகு உடைந்து இரண்டு போகம் ஆகிறது. கட்சிக்காரர் ஒருவரிடம் போயிருக்கிறார். அவர், "எத்தினை வோட்டுக் கொண்டு வருவீர்?" என்று கேட்டிருக்கிறார். இலக்கக்காரருக்கு, மனைவிக்கு, மகளுக்கு என்று வீட்டில் மூன்று வாக்கு. மூன்று வாக்குக்கு மதகு வராது. நாற்பது என்றால் பார்க்கலாம் என்று கட்சிக்காரர் சொல்லியிருக்கிறார். எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் முப்பத்தெட்டுப் பேர் சும்மா கிடக்கிறோமே என்று இவருக்கு யோசனை வந்திருக்கிறது. ஒரு படிவத்துக்கு ஒரு பிரதம குடியிருப்பாளர் ஒப்பமிட்டால் போதும்.

நான் படிவத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு பெயருக்கும் நேரே, பிரதம குடியிருப்பாளருக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம் இருந்தது.

"வாடகைக்கு இருக்கினம் எண்டு போடுவம், அண்ணை."

"உமக்கு விசரோ?" என்று அவர் ஓர் அடி பின்னால் போனார். "வாடகையெண்டு எழுதினா நாளைக்கு வீட்டில உரிமை கேப்பாங்கள். பிறகு வழக்கு, கோடு, பெரக்கிராசியெண்டு நான் இழுபட ஏலாது. சொந்தமெண்டு போடும். சொந்தக்காரன் என்ன கேக்கப்போறான்?"

கூடப் பிறந்த தமையனோடு அவருக்குக் காணி வழக்குப் பதினொரு வருடமாக நடந்துகொண்டிருந்தது. நான் அதை ஞாபகப்படுத்தவில்லை.

"சரி. இவனை மச்சானெண்டு போடட்டோ?"

"மச்சான் முறை ஒண்டும் வேண்டாம். மருமகனும் வேண்டாம். எனக்குக் குமர்ப்பிள்ளை ஒண்டு வீட்டில இருக்கு."

கடதாசியிலும் முறைப்பையன் வந்துவிடக் கூடாது. மச்சான், மச்சாள், மாமன், மாமி, மருமகன் எல்லாம் போய்விட்டால் மிஞ்சுவது சகோதரர்களும், சித்தப்பாமாரும், சகோதரரின் பிள்ளைகளான பெறாமக்களும்தான். நான் இரண்டு நாள் அடிக்கல் மேடையில் குந்தியிருந்து எழுதினேன். எனக்கு ஒரு பெறாமகன் உத்தியோகம் எடுத்துக்கொண்டேன். நீதிமன்றத்து ஆட்டுக்காரரையும் அவர் மனைவியையும் எழுத வந்தபோது கொஞ்சம் யோசித்தேன். கிழவர் சகோதரர் என்றால் கிழவி மச்சாள் ஆகிவிடுவாள். மச்சாள் கூடாது. ஆகவே இரண்டு பேரையும் அவருக்குச் சகோதரர் ஆக்கினேன். கச்சான்காரிக்கும் சகோதரி என்றே போட்டேன். எழுதி முடித்துக் கூட்டிப் பார்த்தபோது இலக்கக்காரருடைய தகப்பனாருக்கு இருபத்தாறு பிள்ளைகள்.

அவர் வாசிக்காமலே ஒப்பம் வைத்தார். அவருடைய மனைவிதான் வாசித்தவர்; நாங்கள் அவரை அம்மா என்போம்.

"இஞ்சேருங்கோ, நாப்பத்தொரு பேரோ? ஆர் சமைக்கிறது?"

"கடதாசிக்குத்தானேயப்பா."

"மாமா பாவம். வயலும் வீடுமெண்டு இருந்த மனுசன். இவ்வளவும் எப்ப நடந்தது?" என்றார் அம்மா. நான் வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒரு மாதத்துக்குப் பிறகு வரைவு இடாப்பு வந்தது. யாருக்கும் மறுப்பு இருந்தால் சொல்வதற்காகக் கிராம அலுவலருடைய கந்தோர்ச் சுவரில் ஒட்டினார்கள். கச்சான்காரி மகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தாள். பெயர் இருந்தது. விரலை வைத்துப் பார்த்துவிட்டு வந்து, "அண்ணே, அச்சடிச்சிருக்காங்க" என்றாள். அன்றைக்கு அவள் வறுத்த கச்சான் கருகிவிட்டது.

அந்தச் சுவரை வேறொருவரும் பார்த்திருக்கிறார். இலக்கக்காரரின் மகளுக்கு ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வெளிநாட்டில், பெற்றோர் கொழும்பில். தரகர் குடும்பத்தைப் பற்றி விசாரிக்க வந்த இடத்தில், விசாரணையைச் சுருக்கமாக முடிக்க இடாப்பைப் படம் பிடித்துக் கொழும்புக்கு அனுப்பிவிட்டார்.

மறுநாள் வெயில் ஏறிய பிறகு இலக்கக்காரர் வந்தார். இந்த முறை கொட்டிலுக்குள்ளேயே வந்துவிட்டார்.

"என்ன தம்பி, அவளை எனக்குச் சகோதரியெண்டு போட்டிருக்கிறீர்?"

"நீங்கள்தானே அண்ணை ஒப்பம் வைச்சனீங்கள்."

"கொழும்பிலயிருந்து போன் எடுத்துக் கேக்கினம், உங்கட தங்கச்சி சந்தியில கச்சான் விக்கிறாவாமே எண்டு. எனக்குக் காது கூசிப்போச்சு."

"பட்டியலில நாப்பத்தொரு பேர் இருக்கிறதைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லையோ?"

"அதில என்ன? கொழும்பில அவையின்ர வீட்டிலக்கத்திலயும் பன்னிரண்டு பேர் பதிஞ்சிருக்கினமாம். பிள்ளையளைப் பெரிய பள்ளிக்கூடங்களில சேர்க்கிறதுக்கு. அதெல்லாம் எல்லாரும் செய்யிறது." அவர் குரலைத் தணித்தார். "ஆக்கள் ஆர் எண்டதுதான் கேள்வி. அவளை மட்டும் வெட்டும்."

"மிச்ச ஆக்கள்?"

"மிச்சத்தை ஆருக்குத் தெரியும்? இவள் பஸ்ஸுக்குப் பஸ் கடகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுறாள். இந்த வீதியால போறவன் வாறவன் எல்லாருக்கும் முகம் தெரியும்."

நான் வெட்ட மாட்டேன் என்றேன். வீரத்தால் அல்ல. வெட்டும் அதிகாரம் எனக்கு இல்லை. அவரே கந்தோருக்குப் போய், தன்னுடைய வீட்டில் அந்தப் பெயருடைய ஆள் இல்லை என்று ஒரு மறுப்புக் கடிதம் கொடுத்தார். மிஸ் அதை இரண்டு முறை வாசித்திருக்கிறார். "நீங்களே எழுதி, நீங்களே மறுக்கிறீங்கள். சனிக்கிழமை காலமை வீட்டுக்கு வந்து பாக்கிறன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

பள்ளிக்கூடத்துக்கு இடாப்புப் பிரதி கொடுக்க வேண்டிய கடைசி நாள் அடுத்த வெள்ளிக்கிழமை.

இலக்கக்காரர் என்னைத் தூது அனுப்பினார். எல்லாரும் சனிக்கிழமை காலை பாய், தலையணை, சட்டி பானையோடு அவர் வீட்டுக்குள் வந்து இருக்க வேண்டும், நெடுக இருக்கிறவர்கள் மாதிரி. கச்சான்காரி மட்டும் வரக் கூடாது. நான் போய் அப்படியே சொன்னேன். அவள் கச்சானைப் புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகை நிறுத்தவில்லை.

"வரக்கூடாதாமா?"

"உன்னை மட்டுந்தான் பிள்ளை."

"ஏண்ணே, கூடப் பொறந்தவ வீட்டுக்கு வர வெத்தல வச்சு அழைக்கணுமா?"

சனிக்கிழமை காலை நாங்கள் ஊர்வலம் மாதிரிப் போனோம். கிணற்றடி வரைக்கும் சுறுக்காகப் போனோம். அங்கே எல்லாருடைய காலும் தானாக நின்றுவிட்டது. இலக்கக்காரர் விறாந்தையில் நின்று, "வாங்கோ, உள்ள வாங்கோ, சுறுக்கா" என்று கையைக் காட்டினார். யாரும் அசையவில்லை. அதுவரை அந்த வாய் எங்களிடம் சொல்லாத சொல் அது. கடைசியில் ஆட்டுக்காரக் கிழவி முதல் படியில் கால் வைத்தாள். மற்றவர்கள் பின்னால் போனோம். வாசலில் செருப்பு மலையானது. உள்ளே அம்மா அலுமாரியைப் பூட்டித் திறப்பைச் சட்டைக்குள் வைத்தார். மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குசினியில் நாலு பேர், மற்ற அறையில் பதினைந்து பேர், விறாந்தையில் மிச்சப் பேர். ஆட்டுக்காரர் ஓர் ஆட்டையும் கொண்டுவந்திருந்தார். உண்மையாக இருக்கட்டும் என்றார்.

கச்சான்காரி கடைசியாக வந்தாள். சந்திக்குப் போகும் சேலை அல்ல, மஞ்சள் சேலை. மகளுக்கு எண்ணெய் வைத்துத் தலை இழுத்திருந்தாள். விறாந்தையில் நிலத்தில் இடம் இல்லை. ஒரே ஒரு கதிரை காலியாக இருந்தது, இலக்கக்காரருடையது. அவள் அதில் இருந்து மகளை மடியில் வைத்துக்கொண்டாள். இலக்கக்காரர் கண்ணால் வெளியே காட்டினார், தலையால் காட்டினார், பிறகு விரலாலும் காட்டினார். அவள் அலுமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசல் படலையில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

மிஸ் உள்ளே வந்து ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இதென்ன, கலியாண வீடோ செத்த வீடோ?"

"சொந்தக்காரர் மிஸ்" என்றார் இலக்கக்காரர்.

மிஸ் முன்னால் இருந்த கிழவரிடம் குனிந்தார். "ஐயா, நீங்கள் இவருக்கு என்ன முறை?"

"சகோதரனுங்க" என்றார் ஆட்டுக்காரர். நான் சொல்லிக் கொடுத்தபடி சொன்னார்.

"நீங்கள் அம்மா?"

"சகோதரிங்க" என்றாள் கிழவி.

"அப்ப நீங்கள் ரெண்டு பேரும்?"

கிழவிக்கு நான் அதற்கு மேல் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. "நாங்க கட்டி நாப்பது வருசமாச்சுங்களே" என்றாள். குசினிக்குள் யாரோ சிரித்தார்கள். ஆடு கத்தியது.

மிஸ் பேனையை மூடினார். "படிவம் நல்ல வடிவான எழுத்து. ஆர் எழுதினது?" என்று கேட்டார். நான் கூரையில் எத்தனை சிலாகை என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் இலக்கக்காரரிடம் திரும்பினார். "பொய் விபரம் எழுதி ஒப்பம் வைச்சா வழக்கு. மறியல் வீடும் இருக்கு. உங்களுக்குத் தெரியும்தானே?"

இலக்கக்காரர் தலையை ஆட்டினார்.

"நான் இண்டைக்கு வந்தது ஒரு பேரை விசாரிக்க. உங்கட மறுப்பில ஒரு பேர்தான் இருக்கு. அந்த ஆள் இதில ஆர்?"

யாரும் காட்டவில்லை. தேவையும் இருக்கவில்லை. எல்லாரும் கதிரையைப் பார்த்தார்கள்.

"இவா உங்களுக்கு என்ன முறை?"

இல்லை என்றால் படிவத்தில் வைத்த ஒப்பம் பொய், வழக்கு வரும். ஓம் என்றால் கொழும்புச் சம்பந்தம் போய்விடும். கச்சான்காரி மகளின் தலைக்கு மேலால் அவரை நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கெஞ்சல் ஏதும் இல்லை. பஸ் ஜன்னலில் பேரம் பேசுகிறவனை, வாங்கப் போகிறாயா இல்லையா என்று பார்ப்பாளே, அந்தப் பார்வை.

பதில் குசினியிலிருந்து வந்தது.

"அவா எனக்கு மச்சாள், மிஸ்."

அம்மா வாசற்படியில் வந்து நின்றார். இலக்கக்காரர் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் நாலைந்து கேள்விகள் இருந்தன. அம்மா தணிந்த குரலில்தான் சொன்னார், ஆனால் முன்னால் இருந்த எனக்குக் கேட்டது. "ஒப்பம் வைச்சது நீங்கள். மறியலுக்கும் நீங்கள்தான் போகோணும். நான் தனிய நிண்டு அரிவு வெட்டுறதோ?" பிறகு சத்தமாக, "இவரின்ர தங்கச்சி, மிஸ். கோவத்தில அந்தக் கடிதம் எழுதிப்போட்டார். அண்ணன் தங்கச்சிக்குள்ள நடக்கிறதுதானே."

அன்பால் சொன்னார் என்று யாரும் நினைக்கக் கூடாது. அவர் அந்த வீட்டில் அரிவு வெட்டு, சூடடிப்பு எல்லாவற்றுக்கும் கணக்குத் தெரிந்தவர்.

"நீங்கள் சொல்லுங்கோ" என்றார் மிஸ், இலக்கக்காரரைப் பார்த்து.

"ஓம்" என்றார் அவர்.

"ஓமெண்டா?"

"தங்கச்சி."

"அப்ப சரி. மச்சாளுக்கு ஒரு தேத்தண்ணி குடுங்கோவன். எனக்கும் வேணும், வெயில்."

மிஸ்ஸுக்கு எல்லாம் தெரியும் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. கிணற்றடியால் வந்தவர், பேணியைக் காணாமல் வந்திருக்க மாட்டார். அம்மா சட்டைக்குள்ளிருந்து திறப்பை எடுத்து அலுமாரியைத் திறந்தார். பூப் போட்ட இரண்டு கோப்பையும் தட்டும் வெளியே வந்தன. கச்சான்காரி தேத்தண்ணியை அவசரமில்லாமல் குடித்தாள், ஊதி ஊதி, அடிச்சீனி வரைக்கும். நாங்கள் முப்பத்தேழு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் கோப்பையைத் தட்டில் வைத்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

மிஸ் தீர்ப்பை நின்றபடியே சொன்னார். விசாரித்த பெயர் ஒன்று, அது உறுதி. மற்றவர்களைப் பொறுத்தவரை, இந்த வீட்டில் நாலு பேர் இருக்கலாம், நாற்பத்தொரு பேர் இருக்க ஏலாது. மிச்சம் முப்பத்தேழும் தவறுதலாக எழுதப்பட்டது என்று பிரதம குடியிருப்பாளர் எழுதிக் கொடுத்தால், வழக்கில்லாமல் விடலாம். இலக்கக்காரர் உடனே எழுதிக் கொடுத்தார். எழுத்து வடிவில்லை, ஆனால் வேகம்.

ஆகவே அவர் எல்லோரையும் வைத்திருந்து ஒருத்தியை வெட்டப் போய், ஒருத்தியை வைத்திருந்து எல்லோரையும் வெட்டினார். நாங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு தலைநகரத்துக்குத் திரும்பினோம். மிஸ் போகும்போது எல்லைக்கல்லடியில் ஸ்கூட்டரை நிறுத்தி, "உங்களையெல்லாம் எனக்குத் தெரியும். இந்தக் காணியைத்தான் எனக்குத் தெரியாது" என்றார். எங்களுக்கு ஆறுதலாகச் சொன்னாரா, தனக்குச் சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. அவருடைய வாக்கும் அவருடைய ஊரில்தான் இருந்ததாம், தொண்டைமானாற்றுப் பக்கம்.

பிள்ளை சந்திப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டாள். அந்தச் சம்பந்தம் பிறகு குழம்பியது. காரணம் கச்சான் அல்ல. மாப்பிள்ளைக்கு அந்த நாட்டில் ஏற்கெனவே ஒருத்தி இருந்தாளாம். அவள் பெயர் எந்த இடாப்பிலும் இருந்திருக்காது போல. மதகும் வரவில்லை. நாலு வாக்குக்கு மதகு வராது. அதிலும் ஒன்று யாருக்கு விழுந்தது என்று இலக்கக்காரருக்கு இன்றைக்கும் தெரியாது. நான் கச்சான்காரியைக் கேட்டேன். "அது ரகசியமாம்ண்ணே, உள்ள எழுதி ஒட்டியிருக்காங்க" என்று சொல்லிச் சிரித்தாள்.

அந்தத் தேர்தலுக்கு முன் அவளுடைய வாக்காளர் அட்டையைத் தபால்காரர் இலக்கம் உள்ள வீட்டில்தான் கொடுத்துவிட்டுப் போனார். வேறு எங்கே கொடுப்பது? அம்மா வேலியடியில் நின்று, "இஞ்ச, உனக்கொரு கடதாசி வந்திருக்கு" என்று கூப்பிட்டார். நானும் கூடப் போனேன். கச்சான்காரி அட்டையை வாங்கி இரு பக்கமும் பார்த்தாள். திரும்பி வரும்போது கிணற்றடியில் நின்று, கட்டையிலிருந்து தகரப் பேணியைக் கழற்றினாள். உள்ளே ஊதித் தூசி தட்டினாள்.

"மச்சாள், இத நான் எடுத்துட்டுப் போறேன். கச்சான் அளக்க ஒண்ணு இல்லாமக் கெடக்குது. நம்ம வீட்டுச் சாமான்தானே."

அம்மா இலக்கக்காரரைப் பார்த்தார். இலக்கக்காரர் வயற்பக்கம் பார்த்தார். இல்லை என்று சொல்ல ஒருவர் வேண்டும், சொன்னால் மிஸ்ஸிடம் போக வேண்டும், அங்கே சுவரில் பட்டியல் இருக்கிறது.

இப்போது சந்தியில் பஸ் நின்றால் அந்தப் பேணியால்தான் கச்சான் அளந்து கொடுக்கிறாள். கொழும்புக்குப் போகிறவர்களும் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். கிணற்றடிக் கட்டையில் ஆணி மட்டும் இருக்கிறது. தாகமெடுத்தால் நான் இன்னும் அங்கேதான் போகிறேன். "தண்ணி வேணும் அம்மா" என்றால், அவர் கட்டையைப் பார்ப்பார், ஆணியைப் பார்ப்பார், உள்ளே போய் எதில் தருவது என்று யோசித்துக்கொண்டு நிற்பார். நான் அவசரப்படுத்துவதில்லை. இடாப்பிலிருந்து வெட்டப்பட்ட பெறாமகனுக்கு வேறு என்ன வேலை? கிணற்றடியில் நின்றுகொண்டிருக்கிறேன்.